மேஸ்திரி யாருக்கு

வண்டி சாயங்காலம் வரும் என்று தரகன் சொல்லியிருந்தான். அதற்குள் இந்தப் பேச்செல்லாம் முடிந்து, வந்த சனம் கலைந்துவிட வேண்டுமே என்பதுதான் வெல்டரின் கவலை. செத்துப்போன மனைவியைப் பற்றி நாலு பேர் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்க, புருஷன்காரன் வாசலையே எட்டி எட்டிப் பார்த்தால், துக்கம் தாங்காமல் தவிக்கிறார் மனுஷன் என்றுதான் நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். அவருக்கும் அதுதான் வசதி.

கூட்டம் நடந்தது அவருடைய பட்டறையில்தான். முன்பாதியில் அவருடைய இரும்பும் வெல்டிங் மெஷினும். பின்பாதியில் அவளுடைய பெயிண்ட் டப்பாக்களும் எழுதி முடிக்காத போர்டுகளும். அதற்கும் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் குதிரை. இந்த மூன்று நாற்றத்துக்கும் நடுவில்தான் அவர் இத்தனை வருஷமும் சாப்பிட்டது, தூங்கியது, சண்டை போட்டது எல்லாம். இன்றைக்கு மகள் வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டிப் பெருக்கி, பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சுகள் வரவழைத்துப் போட்டிருந்தாள். எதற்கு இதெல்லாம் என்று கேட்டதற்கு, "அம்மாவப் பத்தி ஊருக்கே சொல்ல ஆசை இருக்குப்பா. உங்களுக்கு இல்லன்னா பேசாம உக்காந்திருங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். வாயும் அம்மா வாய், முழியும் அம்மா முழி. அவர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

எதிரே மேசை மேல் பெரிய படம். மச்சினன் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். அவன் பெரிசுபண்ணிக் கொண்டுவந்தது. குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் சிரிக்கிறாள். அந்தப் படம் எடுத்தபோது பக்கத்தில் வெல்டரும்தான் நின்றார். மச்சினன் அவரை வெட்டிவிட்டான். வெட்டியதையாவது ஒழுங்காக வெட்டினானா என்றால் அதுவும் இல்லை. முழங்கை ஒன்று மட்டும் ஓரத்தில் துருத்திக்கொண்டு நின்றது.

"இது யாரு கை மாப்ளே?" என்று வெல்டர் கேட்டார்.

"தெரியல மாமா. யாரோ பின்னால நின்னிருப்பாங்க" என்றான் அவன், கண்ணைச் சிமிட்டாமல்.

அவள் போர்டு எழுதுகிறவள். இந்தப் பக்கத்துக் கடைத்தெருவில் பாதிக் கடைக்கு அவள் கை எழுத்துதான். எழுத்து என்னவோ முத்து முத்தாகத்தான் இருக்கும், அதை இல்லை என்று சொல்ல வெல்டருக்கே வாய் வராது. ஆனால் கேட்டதை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற புத்தி அவளுக்குக் கிடையாது. எந்தப் போர்டாக இருந்தாலும் எங்காவது ஒரு மூலையில் ஒரு குதிரையை நுழைத்துவிடுவாள். மாவு மில் போர்டில் குதிரை. தையல் கடை போர்டில் ஊசிக் காதுக்குள் குதிரை. பல் டாக்டர் வந்து தலையில் அடித்துக்கொண்டார், "பல்லு ஆஸ்பத்திரிம்மா இது, இங்க எதுக்கு குதிரை?" என்று. "அதுக்கும் பல்லு இருக்கே டாக்டர்" என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே போர்டை வாங்கி மாட்டிக்கொண்டார். அவளிடம் எல்லாரும் சிரித்தார்கள். அதுதான் வெல்டருக்கு வயிற்றெரிச்சல். அவரிடம் கேட் செய்யச் சொல்லி வருகிறவனிடம்கூட அவளே குறுக்கே புகுந்து, தகரத்தில் சாக்பீஸால் ஒரு குதிரையைக் கீறி, "இத வெட்டி நடுவுல வச்சுக் குடுங்க, நல்லா இருக்கும்" என்பாள். கேட்டுக்கு வந்தவன் குதிரையோடு போவான். கை வலி இவருக்கு.

தாராளமும் அப்படித்தான். கொடுக்கிறது அவள், குறைகிறது இவருக்கு. ஒரு மழைக்காலத்தில் அவருடைய கம்பளிக் கோட்டைக் காணவில்லை என்று வீட்டையே புரட்டிப்போட்டார். பிறகு ஒருநாள் தெருமுனையில் இருக்கிற வாட்ச்மேன் அதைப் போட்டுக்கொண்டு ஜம்மென்று நிற்கிறான். அவன் சட்டையைப் பிடித்து, "திருட்டுப் பயலே" என்று நாலு பேர் கூடுகிற மாதிரி கத்திவிட்டார். அவன் நிதானமாக, "அக்காதான் குடுத்தாங்க. பத்தாக்குறைக்கு உங்க பேரச் சொல்லித்தான் குடுத்தாங்க" என்றான். தெருவே சிரித்தது. வீட்டுக்கு வந்து கத்தினால் அவள், "அவன் குளிர்ல நடுங்குறான், நீங்க வெல்டிங் சூட்டுலதான நிக்கறீங்க" என்கிறாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒரு சண்டையிலாவது அவர் ஜெயித்ததாக அவருக்கு ஞாபகமில்லை. நியாயமெல்லாம் இவர் பக்கம் இருக்கும். ஜெயிக்கிறது அவளாக இருக்கும்.

குதிரை வந்ததும் அந்தக் கணக்கில்தான். பாரவண்டி இழுத்துக் கால் வீங்கிப்போன குதிரை அது. வண்டிக்காரருக்கு அதை வைத்துக்கொள்ளவும் வழியில்லை, விடவும் மனசில்லை. இவள் போய் அவருடைய வண்டிக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டு, குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். வேலை எதுவும் செய்யாமல், இவள் வேலை செய்வதை நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று அதற்கு மேஸ்திரி என்று பெயர். வெல்டர் கிட்டே போனால் காதைப் பின்னால் மடக்கும். ஒரு தடவை தோளில் கடித்தே விட்டது. அவள் ஓடிவந்து, குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள்!

ஆக, அவள் போன கையோடு அது போக வேண்டும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். தரகனைப் பார்த்தார். தரகன் விலை சொன்னான், இவர் பேரம் பேசவில்லை. எங்கே கொண்டுபோவான், அங்கே அதை என்ன செய்வார்கள் என்றும் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவான் என்றுதான் கேட்கவில்லை.

கூட்டத்தில் முதலில் எழுந்தது டீச்சர். பள்ளிக்கூடத்துச் சுவரெல்லாம் அவள் வரைந்து கொடுத்ததைச் சொன்னார். பேச்சே வராத ஒரு பிள்ளையைக் குதிரைமேல் உட்காரவைத்துச் சுற்றிச் சுற்றி நடத்தி, அந்தப் பிள்ளை கடைசியில் 'போ' என்று வாய் திறந்ததைச் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "போறதுக்கு முன்னாடி அக்கா என் கையப் பிடிச்சுக்கிட்டு, எனக்கப்புறம் மேஸ்திரி உங்களுக்குத்தான், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னாங்க. அதனால இன்னைக்கே..." என்று தோளில் மாட்டியிருந்த பைக்குள்ளிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். புதுக்கயிறு. நீலமும் வெள்ளையும் முறுக்கியது.

"ஒரு நிமிஷம் டீச்சர்" என்று மச்சினன் எழுந்துவிட்டான். "நீங்க எதையோ தப்பாப் புரிஞ்சிருக்கீங்க. அக்கா அவன எனக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. கூடப் பொறந்தவன் நான்."

"தப்பாப் புரிஞ்சுக்க நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையா?"

"அப்படி இல்ல டீச்சர். என் ஸ்டூடியோவுக்குப் பின்னால எடம் ஒதுக்கி, கொட்டகையே போட்டாச்சு. மாப்பிள்ள பொண்ணு படம் எடுக்க வர்றவங்க பக்கத்துல நிக்க வச்சா..."

"ஓகோ. வாழ்நாளெல்லாம் வண்டி இழுத்தவன் கடைசிக் காலத்துல பல்லக் காட்டிக்கிட்டு போட்டோவுக்கு நிக்கணுமாக்கும்" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. வண்டிக்காரர். வயசானவர், கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். எழுந்திருக்கக்கூட இல்லை, உட்கார்ந்தபடியே பேசினார். "அந்தக் குதிரை எங்கிட்டதான் திரும்பி வரணும். அம்மா சத்தியம் பண்ணிக் குடுத்தாங்க. என் கையில வளந்தது, என் கையிலதான் கண்ண மூடணும்னு. கயிறெல்லாம் எனக்கு வேணாம். கூப்பிட்டா வரும்."

வெல்டருக்கு முதலில் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அடித்துக்கொள்ளட்டும். ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்துக்கொண்டு உருளட்டும், அதற்குள் வண்டி வந்துவிடும். ஊரே உத்தமி என்று தூக்கிவைத்து ஆடியதே, இப்போது பார்த்துக்கொள்ளட்டும் அந்த உத்தமியின் லட்சணத்தை. ஒரே குதிரையை மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறாள். அவர் அப்படிக் கொடுத்திருந்தால் மோசடிக்காரன் என்பார்கள். அவள் கொடுத்ததால் தாராளம்!

"இத்தன நாளும் காலைல வந்து தண்ணி காட்டுனது யாரு? நான்" என்றார் வண்டிக்காரர்.

"சாயங்காலம் கொட்டகை கூட்டினது யாராம்?" என்றார் டீச்சர்.

"புல்லுக்கட்டு யாரு கொண்டாந்து போட்டது? வானத்துலேருந்து விழுந்துதா?" என்றான் மச்சினன்.

வெல்டருக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் ஆளுக்கொரு வேளை இவர்கள் வந்து போனார்களே, தனியாக இருக்கிற தன்னைப் பார்க்க வருகிறார்கள் என்றல்லவா அவர் நினைத்துக்கொண்டிருந்தார்? டீ வேறு போட்டுக் கொடுத்தாரே! மச்சினன் ஒருநாள் இரண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்தான்.

அந்தச் சுருக்கென்றதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மூன்று பேரிடமும் சொன்னவள் தன்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயேதான் இருந்தார். தலையணையைத் திருப்பிப் போடச் சொன்னாள், ஜன்னலைச் சாத்தச் சொன்னாள், சாப்பிட்டீங்களா என்றாள். மேஸ்திரியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"நிறுத்துங்க எல்லாரும்" என்று அவர் எழுந்தார். "மூணு பேருக்கு ஒரே பொருளக் குடுத்தா, யாருக்கும் குடுக்கலன்னு அர்த்தம். அவ உங்க தலையில நல்லா மொளகா அரைச்சிருக்கா. கட்டின புருஷன் நான் இருக்கேன். எங்கிட்ட அவ ஒண்ணும் சொல்லல. அதனால யாருக்கும் ஒண்ணும் கெடையாது. வந்ததுக்கு சந்தோஷம். கெளம்புங்க."

யாரும் கிளம்பவில்லை. மகள்தான் மெதுவாக எழுந்து வந்தாள். "மூணு இல்லப்பா, நாலு" என்றாள். "எங்கிட்டயும் சொன்னா."

"உனக்கா? நீ குடியிருக்கிற மூணாவது மாடில குதிரைய எங்கடி கட்டுவ? பால்கனியிலயா?"

"அதையேதான் நானும் கேட்டேன். அதுக்கு அம்மா என்ன சொன்னான்னு சொல்லட்டுமா? வேணாம்னு பாத்தேன். நீங்க இப்படிப் பேசுறதால சொல்றேன்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவரும் சேர்ந்து கத்தியிருப்பார். "நாலு பேர்கிட்ட சொல்லி வச்சா ஒருத்தர் இல்லாட்டி ஒருத்தராவது நேரத்துக்கு வந்து அவனக் காப்பாத்துவீங்கன்னா. நான் போனதும் உங்கப்பா தரகனக் கூப்பிடுவாரு, ஒரு மாசம்கூடப் பொறுக்கமாட்டாருன்னா."

கூட்டத்தில் ஒரு பெஞ்சு கிரீச்சென்றது. மச்சினன் படத்தைப் பார்த்தான், டீச்சர் கயிற்றைப் பார்த்தார். அவர்களுக்கும் அவள் இதைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்துபோயிற்று.

"பொய்" என்றார் வெல்டர். "அவ அப்படிச் சொல்லியிருக்கமாட்டா."

"சொன்னாங்க" என்றார் வண்டிக்காரர். "கோவமா ஒண்ணும் சொல்லல. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க. அவரு கெட்டவரு இல்ல, ஆனா இதச் செய்வாருன்னாங்க."

"எப்படித் தெரியும் அவளுக்கு? நான் யார்கிட்டயாவது வாய் விட்டேனா? சும்மா ஒரு மனுஷன் மேல..."

வாசலில் ஹாரன் அடித்தது.

இவ்வளவு நேரம் எதற்காகக் காத்திருந்தாரோ அது வந்துவிட்டது. பின்பக்கம் அடைப்பு வைத்த வேன். தரகன் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தான். கூட்டத்தைப் பார்த்ததும், ஏதோ விசேஷம்போல என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"என்ன வெல்டரே, சொன்ன மாதிரி வந்துட்டேன் பாத்தீங்களா? குதிரை எங்க, பின்னாலயா? ஓட்டிட்டு வாங்க. அங்க ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க. நேரமாச்சுன்னா கத்துவாங்க."

வெல்டர் முகத்தில் ஈயாடவில்லை. மச்சினன், "எங்க காத்துக்கிட்டிருக்காங்க?" என்று கேட்டான். தரகன் அவனைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வது போல, "கால் போன குதிரைய எங்க தம்பி கொண்டுபோவாங்க? கல்யாணத்துக்கா?" என்றான்.

வண்டிக்காரர் இப்போதுதான் எழுந்து நின்றார். பட்டறையைக் கடந்துபோய்க் கொட்டகைக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார். டீச்சரும் போய்ப் பக்கத்தில் நின்றார். மகள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணு வாரம்" என்றாள். "அம்மா ஒரு மாசம் குடுத்திருந்தா. அதுலயும் ஒரு வாரம் முன்னாடியே முடிச்சுட்டீங்க."

வெல்டருக்கு அவமானமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று நெஞ்சில் கொதித்தது. செத்து மண்ணோடு மண்ணாகப் போனவள், போன இடத்திலிருந்து கையை நீட்டி அவரை மறுபடி தோற்கடித்திருக்கிறாள். அதுவும் அவருடைய வீட்டிலேயே, அவர் காசில் வாங்கிய டீத்தூளில் போட்ட டீயைக் குடித்தவர்களைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு. எதிரே படத்தில் சிரிப்பு வேறு. இதைச் செய்வார் என்றாளாம். கெட்டவர் இல்லை, ஆனால் செய்வாராம். அந்த 'கெட்டவர் இல்லை'தான் அவருக்கு ஆறவே இல்லை. திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டலாம்.

"இந்தாப்பா" என்று தரகனைக் கூப்பிட்டார். "குதிரை விக்கிறதுக்கில்ல."

"என்னது?"

"காது கேக்கலயா? விக்கிறதுக்கில்ல. வண்டியத் திருப்பு."

"வெல்டரே, வெளையாடாதீங்க. நீங்கதான தேடி வந்தீங்க? நானா வந்தேன்? அது நாளைக்கே விழுந்து செத்துச்சுன்னா தூக்கக்கூட ஆள் வரமாட்டான், தெரிஞ்சுக்கோங்க."

"செத்தா சாகட்டும். இங்கயே சாகட்டும். திருப்புய்யா வண்டிய!" பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியில் அவர் கை போனது. தரகன் அதைப் பார்த்தான், வாய்க்கு வந்தபடி முனகினான், கிளம்பினான். "பைத்தியக்காரக் குடும்பம்" என்று வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினான்.

மச்சினனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, நீங்க இப்படி ஒரு ஆளுன்னு தெரியாமப் போச்சு மாமா. நான் இன்னைக்கே அவன என் எடத்துக்கு..."

"கைய எடு."

"இல்ல மாமா, அக்கா ஆசை..."

"அவ ஆசைதான் எனக்குத் தெரியுமே! எங்கிட்டேருந்து அந்தப் பிராணியக் காப்பாத்தணும், அதான ஆசை? உனக்குக் குடுத்தாலும் டீச்சருக்குக் குடுத்தாலும், அவ போட்ட திட்டம் பலிச்சதா ஆயிடும். நாளைக்கு ஊர்ல என்ன சொல்வீங்க? நல்லவேள, நாம போய்க் காப்பாத்தினோம்பீங்க. ஒருத்தருக்கும் கெடையாது. அது இங்கதான் இருக்கும்."

"உங்களுக்குத்தான் அதக் கண்டாலே ஆகாதே" என்றார் டீச்சர்.

"ஆகாதுதான். ஆகாமயே இருக்கும். அதுக்கென்ன இப்போ?"

"அது இன்னும் பத்து வருஷம்கூட இருக்கும் வெல்டரே" என்றார் வண்டிக்காரர், கொட்டகை வாசலை விட்டு விலகாமல். "கால்தான் போச்சு. மத்தபடி கல்லு மாதிரி இருக்கு."

பத்து வருஷமா! அதை அவர் யோசித்திருக்கவில்லை. அவள் சொன்னது தப்பு என்று காட்ட இன்று ஒருநாள் கம்பியைத் தூக்கினால் போதும் என்றுதான் இருந்தார். இப்போது பார்த்தால் தினமும் காலையில் எழுந்து எழுந்து காட்ட வேண்டும் போலிருக்கிறதே! இனிமேல் பின்வாங்கவும் முடியாது. மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இருக்கட்டும்" என்றார். "பத்து வருஷம் நானும் இருப்பேன். எல்லாரும் பெஞ்சைத் தூக்கிக்கிட்டுக் கெளம்புங்க. நாளையிலேருந்து ஒருத்தரும் புல்லு, தண்ணின்னு சொல்லிக்கிட்டு இந்த வாசப்படி மிதிக்கக்கூடாது. டீயும் கெடையாது."

பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வாசலுக்குப் போனார்கள். ஆனால் வாசலைத் தாண்டவில்லை. அங்கேயே கும்பலாக நின்றுகொண்டு, என்ன செய்கிறார் பார்ப்போம் என்று பார்த்தார்கள். வெல்டர் அவர்கள் பக்கமே திரும்பாமல் குழாயடியில் கிடந்த வாளியை எடுத்துத் தண்ணீர் பிடித்தார். கொட்டகைக் கதவைத் திறந்தார். மேஸ்திரி காதைப் பின்னால் மடக்கியது.

"மடக்கு, நல்லா மடக்கு. உன்ன விக்கல, தெரியுதா? அவ சொன்னது பொய். அவகிட்ட போய்ச் சொல்லு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாளியை அதன் முகத்துக்கு நேரே வைத்தார்.

குதிரை மூக்கைக் கிட்டே கொண்டுவந்து, புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் வாளியை இன்னும் கிட்டே தள்ளினார். அது ஓர் எட்டுப் பின்னால் போயிற்று.

"குடி. திமிரப் பாரு! குடிச்சாத்தான் என்ன?"

"வெல்டரே" என்று வாசலிலிருந்து வண்டிக்காரர் குரல் கொடுத்தார். "அது அம்மா பிரஷ் கழுவுற வாளி. மண்ணெண்ணெய் நாத்தத்துக்கு அது வாய் வைக்காது."

"எனக்குத் தெரியும்" என்று வெல்டர் திரும்பிப் பார்க்காமலே கத்தினார். "கழுவத்தான் எடுத்தேன்."

தண்ணீரை அப்படியே தரையில் கவிழ்த்துவிட்டு, வாளியோடு குழாயடியில் போய் உட்கார்ந்து, சாம்பலும் தேங்காய் நாருமாகப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். வாசலில் யாரோ சிரித்தார்கள். மகளாகத்தான் இருக்கும். அவர் இன்னும் அழுத்தித் தேய்த்தார்.